திருமலையில் பாய்ப்படகோடு தங்குவது: நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முழுப் புள்ளி, திருத்த வேலைக்குக் கஷ்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்க வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். வங்காள விரிகுடாவைத் தாண்டி மேற்கே போகிற படகுக்காரர் ஒதுங்கி நின்று நித்திரை கொள்ளவும், வயிறாரச் சாப்பிடவும், மீனும் மரக்கறியும் ஏற்றிக்கொள்ளவும், திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லுகிற திருகோணமலையை விட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் படகில் ஏதாவது பெரிதாக உடைந்திருந்தாலோ, மேடையில் கயிறு கட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சுடுதண்ணீரில் குளிக்கிற மரினா வாழ்க்கையை எதிர்பார்த்தாலோ வராதீர்கள். இது எங்களுக்காகக் கட்டிய துறைமுகம் இல்லை. கடற்படை, சீமெந்து, கோதுமை, எண்ணெய் என்று அதற்கு வேறு வேலை இருக்கிறது. அதன் ஒரு மூலையில் எங்களை நிற்க விடுகிறார்கள், அவ்வளவுதான்.

நானும் என் கணவருமாக நாங்கள் இரண்டு பேர், 36 அடிப் பழைய படகு. இரண்டு பேருமே யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளம் வயதிலேயே வெளிநாடு போய், அங்கே கிடைத்த கடவுச்சீட்டோடு இப்போது கடலில் திரிகிறவர்கள். ஆகவே இந்த மதிப்புரையில் கொஞ்சம் ஊர்ப் பாசம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

வருகிற காலத்தைப் பற்றி முதலில். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து ஏறத்தாழ 1000 கடல் மைல். தை, மாசியில் வாடைக்காற்று வலப்பக்கப் பின்புறத்தால் தள்ளிக்கொண்டு வரும், பெரிய நிக்கோபாருக்குத் தெற்கால் வந்தால் முதல் பாதிதான் கரைச்சல், ஏனென்றால் மலாக்கா நீரிணையிலிருந்து இலங்கையின் தென்முனைக்குப் போகிற கப்பலெல்லாம் உங்களோடு ஒரே றோட்டில்தான் வரும். அந்தப் பாதையை விட்டு வடக்கே ஒதுங்கியதும் கடல் வெறிச்சென்று ஆகிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். மழை மட்டும் என்றால் பரவாயில்லை, தாழமுக்கங்கள் வருகிற காலம் அது. தனுஷ்கோடியை அழித்த 1964 மார்கழிப் புயல் இலங்கையில் கரை ஏறியது திருமலைக்குக் கொஞ்சம் வடக்கேதான். சித்திரைக்குப் பிறகு வந்தால் கிழக்குக் கடல் குளம் போலக் கிடக்கும், ஆனால் கச்சான் காற்று சூட்டோடு வீசத் தொடங்கிவிடும், மேற்கே போகவேண்டியவர்களுக்குத் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகம் எதிர்க்காற்று. மாசிதான் சரியான மாதம் என்பது என் கணக்கு.

விடியலில் கோணேசர் கோயில் இருக்கிற பாறைதான் முதலில் தெரியும். பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது, அடியில் அலை வெள்ளையாக உடைகிறது, உச்சியில் கோபுரம். இவர் சுக்கானை என்னிடம் தந்துவிட்டு ஒரு நிமிடம் கையெடுத்துக் கும்பிட்டார், வழக்கமாகக் கோயில் பக்கமே போகாத மனுசன். கொட்டியாரக் குடாவுக்குள் திரும்பியபிறகும் ஆழமானி எண் எதுவும் காட்டவில்லை. பழுதாகிவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே வந்து ஏறுகிறது, அதனால் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலும் அடி கிடைக்காது. திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் அதுவே காரணம். எங்களுக்குக் குடா வாசலில் ஒன்று மூச்சு விட்டுக் காட்டிவிட்டுப் போனது.

சரி, இனி உள்ளே விடுகிற அலுவல். துறைமுகத்தை வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிட வேண்டும். கூப்பிட முன்னரே அவர்கள் உங்களைக் கூப்பிட்டுவிடலாம், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. கேட்கிற கேள்விகளும் படகின் பெயர், கொடி, எங்கிருந்து, எத்தனை பேர், ஏஜன்ட் யார் என்ற வழக்கமான பட்டியல்தான். கடைசிக் கேள்விதான் முக்கியம். படகுக்காரருக்காகத் துறைமுகக் கடதாசி வேலை பார்க்கிற ஏஜன்ட் இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. வெளிக்கிட முன்னரே மின்னஞ்சலில் ஒருவரைப் பிடித்து, கடவுச்சீட்டுப் பிரதி, படகுப் பதிவுப் பத்திரம், முந்திய துறைமுகத்தின் வெளியேற்றப் பத்திரம் எல்லாம் அனுப்பிவிடுங்கள். விசாவுக்கு ஈ.டி.ஏ. என்கிற பயண முன் அனுமதியை இணையத்திலேயே எடுக்கலாம். எல்லாவற்றிலும் நாலைந்து பிரதி அச்சடித்து வைத்திருங்கள், படகின் முத்திரை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. முத்திரையைக் கண்டால் எந்த அதிகாரிக்கும் முகம் மலர்கிறது, ஏனோ தெரியாது.

கடற்படையினர் படகைப் பார்க்க வந்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. எங்கள் தலைமுறைக்கு நேவி என்றால் என்ன நினைவு வரும் என்று இதை வாசிக்கிற பலருக்கு விளக்கத் தேவையில்லை. வந்த பெடியன்கள் எங்கள் தேக்குத் தளத்தைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். அலுமாரிகளைத் திறந்து பார்த்தார்கள், மடித்துவைத்ததைக் குலைக்கவில்லை. கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்த ஒருவர் தமிழில் தொடங்கினார்.

“அம்மா, பிறந்தது யாழ்ப்பாணமா?”

“ஓம் தம்பி.”

“பிறகேன் பிளேனில வராமல் இதில வந்தீங்கள்?”

இவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்கும் விளங்காமலே சிரிப்பு வந்துவிட்டது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து சுங்கம், சுகாதாரம், குடிவரவு என்று வரிசையாக வந்தார்கள், கையெழுத்து வைத்து வைத்து விரல் நொந்தது, ஆனால் அன்று பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டது. இந்தியத் துறைமுகங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஏஜன்ட் விஷயத்தில் எனக்குக் குறை உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. மின்னஞ்சலில் ஒரு தொகை சொன்னார், வெளிக்கிடும்போது நீட்டிய பற்றுச்சீட்டில் அந்தத் தொகைக்குக் கீழே போக்குவரத்து, பத்திர வேலை, மேலதிக நேரம் என்று குட்டி குட்டியாக வரிகள் முளைத்திருந்தன. நாங்கள் நங்கூரத்தில் கிடக்கும்போது யாருக்கு என்ன போக்குவரத்து என்று இவர் கேட்டதும் இரண்டு வரியை வெட்டினார். அப்படி உடனே வெட்டக்கூடியதை ஏன் போட்டார் என்பதுதான் என் கேள்வி. நீங்கள் வருவதற்கு முன் “எல்லாம் உட்பட” என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், துறைமுகக் கட்டணம் எது, அவருடைய கூலி எது என்று பிரித்துக் கேளுங்கள். மற்றபடி ஆள் நேரத்துக்கு வந்தார், போனை எடுத்தார். இந்தத் தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை.

நிற்கிற இடம். இதற்குத்தான் முழுப் புள்ளி. உட்துறைமுகம் நாலு பக்கமும் குன்றும் மரமுமாக மூடியிருக்கிறது, வெளியே வாடை இரைந்தாலும் உள்ளே படகு சும்மா தலையாட்டும். எங்களுக்கு நகரத்துப் பக்கத்துக் குடாவில் இடம் சொன்னார்கள், அடி சேறு, நங்கூரம் முதல் இழுவையிலேயே கடித்துக்கொண்டது. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. தெற்கே காலி நகரத்துத் துறைமுகத்தில் அலை உள்ளே புகுந்து படகை ஆட்டுகிறது என்று அங்கே நின்றுவிட்டு வந்த இரண்டு மூன்று படகுக்காரர் எங்களிடம் அழுதிருக்கிறார்கள். இங்கே அந்தக் கதையே இல்லை. ரோந்துப் படகு விரைந்து போனால் கொஞ்சம் உருளும், அலுமாரியில் கோப்பை கிலுங்கும். கடற்படை இருக்கிற எந்தத் துறைமுகத்திலும் அது இருக்கிறதுதான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்னவென்றால், இரவில் கரைக்குப் போய்வருகிற சின்னப் படகான டிங்கியைத் தூக்கிப் பூட்டாமல் பின்னால் கட்டிவிட்டுப் படுக்கலாம். ஆசியாவில் நாங்கள் நின்ற எத்தனையோ இடங்களில் அப்படிச் செய்ய முடியாது. துறைமுகம் முழுக்கக் காவல் போட்டிருக்கும்போது உங்கள் டிங்கியின் அவுட்போர்ட் இயந்திரத்தை யார் வந்து கழற்றப் போகிறார்?

ஆனால் காவல் இருக்கிற இடத்தில் கட்டுப்பாடும் இருக்கும். நினைத்த கரையில் டிங்கியை ஏற்ற முடியாது, சொன்ன இறங்குதுறையில்தான் இறங்க வேண்டும், வாசலில் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், அனுமதிச் சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். நங்கூரத்தைத் தூக்கி வேறு குடாவுக்கு மாறி நிற்க ஆசைப்பட்டால் முதலில் கேட்க வேண்டும். கடற்படைக் கப்பல்களையும் தளத்தையும் படம் எடுக்க வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்கள், டிரோனை நாங்கள் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. இது எல்லாம் சிறைபோல இருக்கிறது என்று பக்கத்துப் படகு பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நாளே நங்கூரம் தூக்கிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசல் காவலாளி ஒருவர் நாங்கள் மரக்கறிப் பையோடு திரும்பும்போதெல்லாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்று விசாரித்து, ஏமாந்துவிட்டோமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுவார்.

துறைமுகத்தின் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் நங்கூரத்தில் சும்மா இருக்கிற பொழுதுகள் நன்றாகப் போகும். பாய்மரம் முறிந்து திருத்த வேலைக்காக இங்கே ஒதுங்கிய ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பற்றி நாங்கள் அடிக்கடி பேசிக்கொண்டோம். 1659 கடைசியில் புயலில் அடிபட்டு ஆன் என்ற அந்தக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கரைக்கு இறங்கியவர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கப்பல் தலைவர் சிறையிருப்பிலேயே இறந்துபோனார், அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸ் தப்பி ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தது 1679இல். அந்தக் குடாவைக் கடந்து வந்துவிட்டு ஏஜன்ட் நாலு கையெழுத்துக் கேட்கிறார் என்று குறை சொல்ல வாய் வராது. இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று எல்லாரும் அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன, அன்றே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் தாழ்த்தினார்கள். பிரித்தானியர் தளத்தைக் கையளித்தது 1957இல், நாடு சுதந்திரமடைந்து ஒன்பது வருடம் கழித்து. துறைமுகக் கரையில் உள்ள சீனக்குடா என்ற இடத்தின் காட்டுக்குள் அவர்கள் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் நிற்கின்றன. ஓட்டோவில் போகும்போது மரங்களுக்குள்ளே துருப்பிடித்த வட்டச் சுவர் கண்ணில் பட்டால் அதுதான்.

இப்போது சாப்பாடு. இதைப்பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்ததே.

கடலில் கிழமைக்கணக்காகப் பாஸ்தாவும் டின் மீனும் தின்றுவிட்டு வந்து, காலையில் ஒரு சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் முன்னால் வந்தபோது நான் பேசவே இல்லை. சொதியில் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் மிதந்தன, தேங்காய்ப்பால் திரையவில்லை, சம்பல் அம்மியில் அரைத்ததா இல்லையா என்று கேட்கவில்லை, ஆனால் அரைத்ததுபோலத்தான் இருந்தது. உழுந்து வடை சூடாக இருக்கும்போது கேட்டு வாங்குங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து கிடப்பதைத் தருவார்கள். மத்தியானச் சோறும் கறியும் எந்தக் கடையிலும் சோடை போகவில்லை. மீன் கறியில் தேங்காய்ப்பாலும் புளியும் சரியாக நிற்கிற கடைகள் பெரும்பாலும் பலகை வாங்கு போட்ட சின்னக் கடைகள்தான், கடற்கரை விடுதிகளில் வெள்ளைக்காரருக்கென்று உறைப்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், விலையையும் கூட்டி. முஸ்லிம் கடைகளில் இரவில் கொத்துரொட்டி. தகட்டில் கொத்துகிற சத்தம் தெருமுனைக்கே கேட்கும். மாட்டிறைச்சிக் கொத்து இவர் சாப்பிட்டார், நான் முட்டைக் கொத்து. இரண்டுக்கும் எண்ணெய் அதிகம், இரண்டையும் மிச்சம் விடவில்லை. நாங்கள் போன கடைகளில் பிளேன்டீ மட்டும் ஏமாற்றம், சீனி போடாமல் தாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் சீனியோடுதான் வரும்.

மீன் வாங்க விடிய எழும்ப வேண்டும். பாரை, விளை, சூரை, அறுக்குளா, கணவாய் எல்லாம் மினுக்கத்தோடு கிடக்கும், ஒன்பது மணிக்குப் போனால் மிச்சம்தான். நீங்கள் தமிழ் பேசினால் விலை குறையும் என்று நினைக்காதீர்கள். பேசத் தொடங்கியதும் “அக்கா எந்த ஊர்? எத்தனை வருசமாய் வெளியில?” என்று கேட்பார்கள், வெளிநாடு என்று தெரிந்ததும் விலை பழைய இடத்துக்கே போய்விடும். ஆனால் வெட்டித் தருகிற விதம் மாறும். அறுக்குளாத் தலையைத் தனியாகக் கட்டித் தந்து, குழம்புக்கு என்று சொல்லி, அதற்குக் காசு வாங்கவில்லை. சந்தையில் மரக்கறி, தேசிக்காய், பப்பாளி, கதலி வாழைப்பழம் வாங்கினோம், நீண்ட ஓட்டத்துக்கு என்று பூசணி, சேனை, வெங்காயம், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு எல்லாம் ஏற்றினோம். குளிரூட்டாத முட்டை கேட்டு வாங்கலாம். பாற்கட்டி, வெண்ணெய் எதிர்பார்த்தால் பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், தெரிவு குறைவு.

தண்ணீர், டீசல், எரிவாயு மூன்றும் முதுகை உடைக்கிற வேலை. நாங்கள் நின்ற பக்கத்தில் எரிபொருள் மேடை கிடையாது. கான்களை ஓட்டோவில் ஏற்றிப் பெற்றோல் செட்டுக்குப் போய், திரும்பி இறங்குதுறைக்கு வந்து, டிங்கியில் இறக்கி, படகில் ஏற்ற வேண்டும். ஓட்டோக்கார அண்ணை ஒருவர் ஒரு காலைப்பொழுதுக்குப் பேசிக்கொண்டு எல்லாச் சுற்றுக்கும் வந்தார், கடைசிக் கானைத் தானே தூக்கினார். குடிதண்ணீருக்கு 19 லீற்றர் போத்தல்கள் கடைகளில் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதை இந்தத் துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள், தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கப்பல்கள் நிற்கிற இடம், எண்ணெய்ப் படலம் ஒன்று உள்ளே போனால் வடிகட்டி முடிந்தது. சமையல் எரிவாயு சிலிண்டரின் வாய் இலங்கையில் வேறு மாதிரி, உங்கள் சிலிண்டரை நிரப்பித் தர ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். நாங்கள் உள்ளூர் 5 கிலோ சிலிண்டரையே அதற்குரிய ரெகுலேட்டரோடு வாங்கி ஓடினோம். உடுப்புத் தோய்க்கக் கொடுத்த கடையில் வெள்ளைச் சட்டை நீலமாகத் திரும்பி வந்தது, அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

திருத்த வேலை. தலைப்பில் கஷ்டம் என்று எழுதியதற்கு விளக்கம் தர வேண்டும், ஏனென்றால் ஒரேயடியாக இல்லை என்று சொன்னால் அது பொய். இந்த ஊரில் உள்ள கைத்திறன் எல்லாம் மீன்பிடிப் படகுக்குரியது. உங்கள் பிரச்சினை ஒரு மீனவருக்கும் வரக்கூடிய பிரச்சினையா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அன்றைக்கே தீர்ந்துவிடும். எங்கள் யமஹா அவுட்போர்டின் தண்ணீர்ப் பம்பு சுழலி தேய்ந்திருந்தது. வெளிநாட்டில் அதை வாங்குவதென்றால் ஓடர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், இங்கே கடைக்காரத் தம்பி பழையதைக் கையில் வாங்கிப் பார்த்து, இலக்கம் கேட்காமலே தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். டீசல் இயந்திரத்தின் ஊசிக்குழாயைச் சுத்தம் செய்ய ஆள் உண்டு, ஃபைபர் ஒட்ட ஆள் உண்டு, ஐஸ் கட்டி வேண்டிய அளவு உண்டு. சுக்கான் பிடிக்கிற இடமான கொக்பிட்டுக்கு மேலே போடுகிற கூரைத் துணி கிழிந்துபோயிருந்தது, பாய் தைக்கிறவர் எவரும் கிடைக்கவில்லை, கடைசியில் ஓட்டோக்களுக்குக் கூரை தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அதை விரித்து, இரண்டு முறை சுற்றி வந்து, இதைத் தைத்தவனுக்குத் தையல் தெரியாது என்றார். தைத்தது நாங்கள் குடியேறிய நாட்டில் பேர்போன ஒரு கடை. இந்த ஓட்டோத் தையல்காரர் தைத்துத் தந்தது இன்னும் நிற்கிறது, மூலைகளுக்கு ஓட்டோத் தோலே போட்டிருக்கிறார், சிவப்பு நிறத்தில். பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள்.

மீனவருக்கு வராத பிரச்சினை என்றால் கதை வேறு. பாய்மரத்தைப் பிடிக்கிற துருவேறா எஃகுக் கம்பி, கழிப்பறைப் பம்பின் உதிரி, காற்றுமானி, கயிறு சுற்றும் விஞ்ச் போன்றவற்றைக் கேட்டால் கடைக்காரர் உங்களை அனுதாபத்தோடு பார்ப்பார். கொழும்புக்கு ஆறு ஏழு மணித்தியாலம் பஸ், அல்லது இரவு ரயில், அங்கே போயும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம், ஏஜன்ட், மறுபடி கடதாசி. எங்களைப் போன்ற படகைக் கரைக்குத் தூக்க ஒரு வழியும் எங்களுக்கு அகப்படவில்லை. கப்பல்களுக்குரிய வசதி என்பது வேறு. அடிப்பாகத்தைச் சுரண்டுவதென்றால் நீங்களே மூழ்கிச் செய்ய வேண்டும், அதற்கும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், கடற்படைத் துறைமுகத்தில் ஒருவர் திடீரென்று முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் இறங்குவது யாருக்கும் பிடிக்காது. சூடான அமைதியான தண்ணீர் என்பதால் சிப்பியும் பாசியும் கடகடவென்று ஏறும், கனநாள் நின்றால் ஓட்டம் குறையும்.

ஊர் சுற்ற. கோணேசர் கோயிலுக்குப் பிரெடறிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும், கோட்டை இராணுவத்திடம் இருக்கிறது. வழியெல்லாம் புள்ளிமான்கள், வீதியிலும் திரியும், வாழைப்பழத் தோலுக்குச் சண்டை பிடிக்கும். சம்பந்தர் பாடிய தலம், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கல்லையும் கோட்டைக்கு எடுத்தார்கள், கடலுக்குள் விழுந்து கிடந்தவற்றை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டார்கள். இப்போதைய கோயில் அதற்குப் பிறகு எழும்பியது. பின்னேரப் பூசைக்குப் போங்கள், வெயிலுக்குக் கால் பொசுங்காது. கோயில் பாறையில் பிளவுபோல இருக்கிற இராவணன் வெட்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் நாங்கள் வந்த வழி முழுக்கத் தெரிந்தது, இவர் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றார், படகுக்காரருக்குச் சாமி கும்பிடும்போதும் அதே புத்திதான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் காலை வெள்ளெனப் போனால் கூட்டம் இல்லை. உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, நிலாவெளிக்குப் போகிற வழியிலேயே, நன்றாகப் பராமரிக்கிறார்கள். புறாத்தீவில் முருகைக்கல் பார்க்கலாம், ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுச் சீட்டு பல மடங்கு, அதோடு படகுக் கூலி வேறு. சொந்தப் படகில் கடலெல்லாம் திரிந்து பவளம் பார்த்தவர்கள் அந்தக் காசுக்கு நண்டு வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் அபிப்பிராயம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே கறுப்புத் துடுப்புச் சுறா பார்த்தார்.

தமிழ் தெரிவதால் எங்களுக்குக் கிடைத்த சலுகை எவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சந்தையிலும் கடையிலும் நிச்சயம் உதவியது. அலுவலகங்களில் சிங்களம்தான் ஓடும், ஆங்கிலமும் போதும். பக்கத்தில் நின்ற ஒரு நியூசிலாந்துத் தம்பதிக்கு ஒரு சொல்லும் தெரியாது, அவர்களும் எங்களைப் போலவே திட்டமிட்டதை விட நீளமாகத்தான் நின்றார்கள். அந்த அம்மாவுக்கு நான் பிட்டு அவிக்கக் காட்டிக் கொடுத்தேன், தேங்காய் துருவுகிற பலகையையும் சந்தையில் வாங்கிக்கொண்டு போனார்.

வெளிக்கிடுவதைப் பற்றிக் கடைசியாக. தெற்கே இறங்கிக் காலிக்கோ மாலைதீவுக்கோ போகிறவர்கள் தென்கிழக்கு முனையில் சின்ன இராவணன் கோட்டை, பெரிய இராவணன் கோட்டைப் பாறைத்தொடர்களைத் தாண்ட வேண்டும். 1870களில் கட்டிய வெளிச்சவீடுகள் இரண்டிலும் உண்டு, அதற்காகக் கிட்டப் போகத் தேவையில்லை, நன்றாக வெளியே விலகி ஓடுங்கள். இரவில் பாறையை விட வலைதான் தொல்லை, விளக்கில்லாத மிதவைகள், தாங்கள் நிற்கிற இடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கிற ஏ.ஐ.எஸ். கருவி இல்லாத படகுகள். முடிந்தவரை ஒருவர் வெளியே கண் வைத்திருக்க வேண்டும். வெளியேற்றப் பத்திரத்துக்கு ஏஜன்டிடம் முன்கூட்டியே திகதி சொல்ல வேண்டும், அதற்கு முன் கலண்டரில் போயா நாளைப் பாருங்கள். முழுநிலா நாள் பொது விடுமுறை, அலுவலகங்கள் பூட்டு, இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் சனி ஞாயிறோடு சேர்ந்து நல்ல காற்று உங்களைக் கேட்காமல் போய்விடும், அந்த விடுமுறைக்கு முந்திய வியாழனுக்கு முன்னரே முத்திரையை வாங்கிவிடுங்கள்.